சொல்லி வெச்சேளா?

அவர் வருவதற்கு முன் எங்கள் சண்டைகளில் யாருடைய தொண்டை பெரியதோ அவர்தான் ஜெயிப்பார்.

நிஜச் சண்டை இல்லை. கே.கே. நகரில் என் பல் கிளினிக்குக்கு மேல்மாடியில் என் வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அங்கே சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் ஒரு கதை விளையாட்டு விளையாடுவோம். ஒருவர் கதை சொல்வார். காடு, கோட்டை, பூதம் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்லிப் பகடை உருட்டுவோம். நான் ஒரு திருடி. பாலக்கரையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நாசர் ஒரு மந்திரவாதி. லால்குடிப் பக்கம் வாழை போட்டிருக்கும் பிரபு அப்போது கதை சொல்பவனாக இருந்தான். பொறுப்பான தொழிலில் இருக்கும் மூன்று பேர் டீ ஆறிப்போவது தெரியாமல், இல்லாத ஒரு பூதத்துக்காகக் கத்திக்கொண்டிருப்பது வெளியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். உள்ளேயிருந்து பார்த்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

பிரபுவின் டிராக்டர்தான் அவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. மழையில் வழுக்கி மரத்தில் மோதிய டிராக்டருக்கு இன்ஷூரன்ஸ் கேட்கப் போன இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். நாற்பதை ஒட்டிய வயது, காட்டன் புடவை, மூக்கில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. டிராக்டருக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லையாம். எது முதலில் நடந்தது என்றுதான் கேட்டாராம்.

"மழை ஆரம்பிச்சப்புறம் வண்டியை எடுத்தேளா, எடுத்தப்புறம் மழை ஆரம்பிச்சுதா? பிரேக்கை மிதிச்சது வழுக்கறதுக்கு முன்னாடியா, வழுக்கினப்புறமா?"

பிரபு முதலில் திணறினான், பிறகு ரசிக்க ஆரம்பித்தான், கடைசியில், "அக்கா, ஞாயித்துக்கிழமை நீங்க சும்மாதான இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டான். வேறு யாராக இருந்தாலும் மேனேஜரைக் கூப்பிட்டிருப்பார்கள். இவர், "எதுக்கு?" என்று கேட்டார்.

முதல் நாள் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் எங்கள் வழக்கப்படி கத்திக்கொண்டிருந்தோம். கதையில் ஒரு காவலாளி கதவைத் திறந்துகொண்டு வந்து நாசரின் மந்திரவாதியை வெட்டினான். நான் உடனே, "அவன் கதவைத் திறந்தப்பவே நான் அம்பு விட்டுட்டேன்" என்றேன். பிரபு "சரி, விடு" என்று சொல்ல வாயெடுத்தான்.

"சொல்லி வெச்சேளா?" என்று ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"என்னது?"

"கதவு திறந்தா அம்பு விடுவேன்னு, உங்க முறை வந்தப்போ முன்கூட்டியே சொல்லி வெச்சேளா?"

"சொல்லல. ஆனா மனசுல நினைச்சேன்."

"மனசுல நினைச்சது மனசோட. நாசரை வெட்டியாச்சு."

எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு வைத்திருந்த முறுக்குத் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஆனால் அன்று இருட்டுவதற்குள் கதை சொல்பவரின் நாற்காலி அவருடையதாகிவிட்டது. பிரபு நிம்மதியாக ஒரு வாள்வீரனை எடுத்துக்கொண்டான். யாரும் கத்தவில்லை. எங்கள் பூதங்களுக்கு முதல்முறையாக ஒரு பயம் வந்தது, அதாவது எங்களுக்கு அவற்றைப் பார்த்து.

விதி எளிதானதுதான். சண்டையில் ஒவ்வொருவருக்கும் வரிசையாக முறை வரும். முறை வரும்போதுதான் அடிக்கலாம், ஓடலாம், மந்திரம் போடலாம். அடுத்தவர் முறையில் குறுக்கே ஏதாவது செய்ய வேண்டுமென்றால் நம் முறையைக் கையில் வைத்துக்கொண்டு, 'இது நடந்தால் நான் இதைச் செய்வேன்' என்று முன்பே அறிவித்துவிட வேண்டும். அறிவித்தது நடந்தால் நாம் பாயலாம். இதைத்தான் அவர் சொல்லி வைப்பது என்றார். நாங்கள் டர்ன் என்போம், அவர் முறை என்றுதான் சொல்வார். ஸ்ரீரங்கத்துக்காரர். அவருடைய அப்பா இருந்தவரை கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் இருந்தவர். யாருக்கு முதல் தீர்த்தம், யாருக்கு அடுத்தது, யார் கை நீட்டுவதற்கு முன் யார் கை நீட்டக்கூடாது என்பதையெல்லாம் தள்ளி நின்று பார்த்தே வளர்ந்தவர் அவர். கோஷ்டியில் பெண்களுக்கு இடமில்லை, ஆனால் கவனிப்பதற்கு யாரும் தடை போடவில்லையே என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சாதாரணமாக எங்களை 'நீ' என்றுதான் பேசுவார். சண்டை ஆரம்பித்துப் பகடை விழுந்துவிட்டால் எல்லோரும் 'நீங்கோ' ஆகிவிடுவோம். அந்த 'நீங்கோ' வந்தால் சலுகை கிடையாது என்று அர்த்தம்.

விதியில் ஒரு சிக்கல் இருந்தது. சொல்லி வைத்தது நடக்கும்போது நம் அடி அதற்கு முன் விழுமா, பின் விழுமா? கதவு திறந்தால் அம்பு என்றால், அம்பு கதவில் குத்துமா, ஆளைக் குத்துமா? முன்னால்தான் என்று நானும் பிரபுவும் சொன்னோம். நடந்த பிறகுதான் என்றான் நாசர். எங்கள் இரண்டு கட்சிக்கும் முன்கலை, பின்கலை என்று நாசரே பெயர் வைத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்க ஊர்ல ஏற்கெனவே ரெண்டு கலைக்கு நடுவுல நடக்க எடமில்லை. நீங்க வேற ரெண்டு கொண்டு வரேளா?"

இதற்குத் தீர்ப்பு வந்தது முக்கொம்பில். ஒரு ஞாயிறு, விளையாட்டுக்குப் பதிலாகப் புளியோதரை கட்டிக்கொண்டு அங்கே போயிருந்தோம். ஒரு குரங்கு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பிரபு ஒரு கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நான் சொல்லி வைக்கிறேன்க்கா. அது பையைத் தொட்டதும் அடிப்பேன்" என்றான். குரங்கு வந்தது. பையைத் தொட்டது. பிரபு கம்பை வீசினான். கம்பு தரையில் விழும்போது குரங்கு மரத்தில் இருந்தது, பை அதன் கையில் இருந்தது.

நாங்கள் எல்லோரும் எழுந்து ஓடினோம். அவர் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"தொட்டதும்னுதானே சொன்னேள்? தொட்டுடுத்து. பை அதோடது. அதுக்கப்புறம்தான் உங்க கம்பு. கிட்ட வர மாதிரி இருந்தாலே அடிப்பேன்னு சொல்லி வெச்சிருக்கணும்." பிறகு மரத்தைப் பார்த்துக் குரங்கிடம், "சரியாத்தான் பண்ணினே" என்றார்.

அன்று பட்டினியாகத் திரும்பி வந்தோம். ஆனால் விதி புரிந்துவிட்டது. பின்கலையின் வெற்றியை நாசர் ஒரு மாதம் கொண்டாடினான்.

ஓட்டலில் அவரோடு சாப்பிடுவதும் ஒரு அனுபவம். "தோசை பாதி ஆனதும் காபி கொண்டு வாங்கோ. தோசையோட வேண்டாம், முடிஞ்சப்புறமும் வேண்டாம்" என்பார். பரிமாறுபவர் தலையை ஆட்டிவிட்டு இரண்டையும் ஒன்றாகக் கொண்டு வந்து வைப்பார். அவருக்குக் கோபமே வராது. "நான் சொன்னது சரி. ஆனா பாதின்னா எதுன்னு அவர் எப்படிப் பார்ப்பார், அங்கேர்ந்து? தப்பு என்னோடது" என்று சொல்லிவிட்டுக் காபியை முதலில் குடிப்பார். அந்த நியாயம்தான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. விதி அவருக்கு எதிராகப் போனாலும் அதே முகம்தான்.

நாசர் பயந்த சுபாவம். விதி புரிந்த பிறகு அவன் எல்லா முறையிலும் சொல்லி வைக்க ஆரம்பித்தான். அவன் வந்தால் இது, இவன் போனால் அது என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வான். பாதி நேரம் அவன் சொன்னது நடக்காது. அடுத்த முறை வந்துவிடும், பழையது காலாவதி. ஒருநாள் அவர் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

"நாசர், காத்துண்டிருக்கறதும் ஒரு காரியம்தான். அதுக்கும் உங்க முறை செலவாகும். நீங்கோ நினைச்சது நடக்கலைன்னா போனது போனதுதான், திருப்பித் தர மாட்டேன்."

இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர், அதையே தன் வீட்டில் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பல்வலி மூலம்தான் தெரியவந்தது. அவருடைய பல்வலி.

ஒரு வியாழக்கிழமை கடைவாய்ப் பல்லுக்காக என் கிளினிக்குக்கு வந்தார். ஊசி போட்டுவிட்டு மரத்துப்போவதற்காகக் காத்திருந்தோம். உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே சொல்ல ஆரம்பித்தார். போபாலில் அவர்கள் கம்பெனிக்கு ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு விதிகளைப் படிக்கவும் விளக்கவும் அங்கே கற்றுக்கொடுப்பார்கள். அங்கே பாடம் எடுக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். உலகத்திலேயே அவருக்காக ஒரு வேலையைச் செய்து வைத்திருந்தால் அது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"போகலாம்ல?"

"அம்மா வாயால போன்னு சொல்லட்டும். சொன்னா அந்த நிமிஷம் ஒத்துண்டுடுவேன்."

"கேட்டீங்களா?"

"கூப்பிட்டிருக்கான்னு சொன்னேன். அப்படியான்னா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை."

"அது சொன்னது. நான் கேக்குறது, போகட்டுமான்னு கேட்டீங்களான்னு."

"கேட்டா வேண்டாம்னு சொல்ல மாட்டா. அது நான் கேட்டதுக்காகச் சொல்றது. தானா சொல்லணும். ஆத்துல அவ தனியா இருக்கணுமே, அதை அவதானே சொல்லணும்." பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூணு வருஷம் முன்னாடியும் ஒருதரம் கூப்பிட்டா. அப்பவும் இப்படித்தான் காத்துண்டிருந்தேன். நாள் போயிடுத்து."

சிரிக்க முயன்றார். பாதி முகம்தான் சிரித்தது. எனக்குத் துக்கமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. உங்கள் முறை செலவாகிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் பல் மரத்துவிட்டது, வாயைத் திறக்கச் சொன்னேன்.

அந்த வாரம் என் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஞாயிறு விளையாட்டு முதல்முறையாக ஸ்ரீரங்கத்தில், அவர் வீட்டில். உத்தர வீதியிலிருந்து பிரியும் சந்தில் நீளமான வீடு. அவருடைய அம்மா எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அறுபத்தைந்து வயது, குரல் மட்டும் முப்பது. "நீதான் திருடியா? நீதான் மந்திரவாதியா? வாங்கோ வாங்கோ. இவன் யாரு, வெட்டறவனா?" என்று ஒவ்வொருவராக அடையாளம் கண்டு உள்ளே அனுப்பினார்.

சண்டை மும்முரமாகிக்கொண்டிருந்தது. கோட்டை வாசலில் ஒரு பூதம். நாசர் தன் முறையில், "அது அசைஞ்சா நான் நெருப்பு விடுவேன்" என்று சொல்லி வைத்தான். பூதத்தின் முறை வந்தது. அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "மந்திரவாதி அசைஞ்சா நான் அடிப்பேன்னு பூதமும் சொல்லி வைக்கறது" என்றார். நாசரின் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நான் காபி எடுத்துவரச் சமையலறைக்குப் போனேன். பிரபு யோசித்துக்கொண்டிருந்தான், அவன் யோசித்து முடிப்பதற்குள் காபிக்கொட்டையே வறுத்து அரைத்துவிடலாம்.

மாமி டிகாஷனை ஊற்றிக்கொண்டே கேட்டார். "உன்கிட்ட ஏதாவது சொன்னாளா, போபால் பத்தி?"

"ஏன் மாமி?"

"கூப்பிட்டிருக்கான்னு ஒரு வார்த்தை சொன்னா. அப்படியான்னேன். அவ்வளவுதான், வாயை மூடிண்டுட்டா. போறேம்மான்னு அவ கேட்டா இந்த நிமிஷம் அனுப்பிடுவேன். நானா போடின்னு சொன்னா, அம்மா துரத்தறாள்னு நினைச்சுக்க மாட்டாளோ? எங்கக்கா மன்னார்குடில தனியா இருக்கா. வா, ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம், பத்ரிக்குப் போயிட்டு வரலாம்னு தெனமும் போன் பண்றா. இவளை விட்டுட்டு நான் எங்க போறது? அவ வாயால கேக்கட்டும்னு இருக்கேன்."

என் கையில் இருந்த டவராவைக் கீழே வைத்தேன். அங்கேயே மாமியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமி போய் 'போ' என்றால், 'யார் சொல்லிக் குடுத்தா? எப்போ? நான் சொன்னப்புறமா?' என்று அந்த மனுஷி விசாரணை ஆரம்பித்துவிடுவார், தானாகச் சொன்னதில்லை என்று தள்ளியும் விடுவார். இரண்டு பேர் காதிலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். மறுநாள் திங்கட்கிழமை.

தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். மாமியும் பின்னாலேயே வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

அவர் நிமிர்ந்தார். "உங்க முறையா?"

"இல்ல. ஆனா முக்கியம்."

"சொல்லி வெச்சேளா?"

"இல்ல."

"அப்போ முறை வரட்டும்."

நீங்கோ வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. பிரபு இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான். கேடயத்தை எடுத்துவிட்டு நகர்வதா, நகர்ந்துவிட்டு எடுப்பதா என்று அவரிடம் கேட்டான். அவர் இரண்டுக்கும் வித்தியாசத்தை விளக்கினார். அவன் பகடையை உருட்டினான், அது பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. அதை எடுக்கத் துடைப்பம் வந்தது. எனக்கு அவன் பல் ஒவ்வொன்றையும் மரத்துப்போக வைக்காமலே பிடுங்கலாம் போல இருந்தது.

மாமி கன்னத்தில் கை வைத்து எங்கள் பாத்திரங்களுக்குப் பதிலாக மேசையில் நிறுத்தியிருந்த பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டி, இந்தப் பூதமும் நாசரும் ஏன் சும்மா நின்னுண்டிருக்கா?"

"ரெண்டு பேரும் சொல்லி வெச்சிருக்காம்மா. அவன் அசைஞ்சா இது, இது அசைஞ்சா அவன்."

"யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சாத்தானே ஆச்சு?"

"அதான் ஆரம்பிக்க மாட்டேங்கறாளே."

"அசடுகள்" என்றார் மாமி.

"அசடுகள்தான்" என்றார் மகள்.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். பகடை கிடைத்தது. பிரபு உருட்டி முடித்தான்.

"இப்போ உங்க முறை" என்றார் என்னிடம்.

"என் முறையில நான் பேசலாம்தான?"

"பேசலாம். ஒரு மூச்சுல சொல்ற அளவுக்கு."

அது அவர் போட்ட விதி. சண்டைக்கு நடுவில் யாரும் பிரசங்கம் பண்ண முடியாது என்பதற்காக. நான் நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"மாமி, நீங்க போன்னு சொன்னா போபால் போகலாம்னு அக்கா காத்துட்டு இருக்காங்க, அக்கா நீங்க போறேன்னு கேட்டா அனுப்பிட்டு மன்னார்குடி போகலாம்னு மாமி காத்துட்டு இருக்காங்க, நாளைக்கு திங்கக்கிழமை, ரெண்டு பேரும் கைய கட்டிட்டு நிக்கிறீங்க."

மூச்சு முடிந்தது. நாசர் காபி டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேசை மேல் இருந்த பொம்மைகள் கூட அவ்வளவு நேரம் அப்படி நின்றதில்லை.

"போயேன்டி" என்றார் மாமி.

"போகட்டுமாம்மா" என்றார் அவர்.

இரண்டும் ஒன்றாகத்தான் என் காதில் விழுந்தன. அடுத்த நொடி பிரபு, "மாமிதான் முதல்ல" என்றான். "இல்லடா, அக்காதான். மாமி சொன்னது அப்புறம்" என்றான் நாசர். முன்கலை, பின்கலை எல்லாம் மறுபடி கிளம்பிவிட்டன. மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நான்தான் முதல்ல சொன்னேன்" என்று சாட்சியும் சொன்னார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். தீர்ப்பு சொல்ல வேண்டியவர் அவர்தானே. குரங்கு பையை எப்போது தொட்டது, கம்பு எப்போது கிளம்பியது என்பதைப் பார்த்துச் சொன்னவர். கோஷ்டியில் யார் கை முதலில் நீண்டது என்று தள்ளி நின்றே கண்டுபிடிப்பவர்.

"அக்கா, சொல்லுங்க. யாரு முதல்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அது இல்லாமல் அவர் முகம் சின்னதாக இருந்தது.

"தெரியலை" என்றார். "நான் கவனிக்கலை."

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போன கையோடு பதில் அனுப்பிவிட்டார். போபாலுக்கு அவர் ரயிலேறிய வாரமே மாமி மன்னார்குடிக்குப் போனார், பிறகு அக்காவோடு பத்ரிக்கும் போய்வந்தார். கதை சொல்லும் நாற்காலியில் இப்போது நாசர். அவன் பாலக்கரைத் தமிழில் எல்லாவற்றையும் பேசுவான், அந்த ஒரு கேள்வியை மட்டும் "சொல்லி வெச்சேளா?" என்றுதான் கேட்பான். அந்தக் கோட்டைவாசல் பூதத்தை நாங்கள் அதற்குப் பிறகு தொடவில்லை. அது இன்னும் கையை ஓங்கியபடி அங்கேயே நிற்கிறது.

மாதத்துக்கு ஒருமுறையாவது அவரை வீடியோவில் கூப்பிட்டு வழக்கை மறுபடி எடுப்போம். பிரபு கட்சி மாறிவிட்டான், நானும் ஒருமுறை மாறிப் பார்த்தேன். எல்லோருடைய வாதத்தையும் முழுசாகக் கேட்பார், இறங்கும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வார், ஒவ்வொருவரிடமும் குறுக்குக் கேள்வி கேட்பார். கடைசியில் அதே பதில்தான் வரும்.

"நான் கவனிக்கலை, போ."